ஒரே எலி, இடத்துக்கு ஒரு வால்: மான் எலியின் இட வேறுபாட்டைப் படிக்கத் தொடங்குவோருக்கு

அருங்காட்சியக இழுப்பறை ஒன்றில் இரண்டு எலித் தோல்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கருமை கலந்த பழுப்பு. வால் ஏறக்குறைய உடலளவுக்கு நீண்டிருக்கிறது. மற்றது உலர்ந்த மணலின் நிறம். வால் உடலைவிடத் தெளிவாகவே குட்டை. இரண்டும் வேறு வேறு இனம் என்றுதான் பார்ப்பவர் சொல்வார். காலில் கட்டிய சீட்டைத் திருப்பினால் இரண்டிலும் ஒரே பெயர்: பெரோமிஸ்கஸ் மேனிக்குலேட்டஸ். வட அமெரிக்காவின் மான் எலி. முதுகு பழுப்பும் வயிறு வெள்ளையுமாக மானின் நிறத்தை நினைவூட்டுவதால் வந்த பெயர் அது.

ஓர் இனம் இடத்துக்கு இடம் ஏன் இப்படி மாறுகிறது என்ற கேள்வி இந்த இழுப்பறையில்தான் பலருக்குத் தொடங்குகிறது. தொடங்கிய இடத்திலேயே பலர் தவறியும் விடுகிறார்கள். கருத்த எலியையும் வெளுத்த எலியையும் வைத்துக்கொண்டு உடனே காரணம் தேடப் புறப்படுகிறார்கள். இந்த வழிகாட்டி நெடுகிலும் நான் வற்புறுத்தப்போவது ஒன்றுதான்: இரு முனைகளை ஒப்பிடுவது வேலையின் தொடக்கம் மட்டுமே, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடங்களில் எலி எப்படி இருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் படி: விலங்கை அறிந்துகொள்வது

மான் எலி சுமார் 20 கிராம் எடையுள்ள சிறிய கொறிணி. பெரிய கண், பெரிய காது, வெள்ளைப் பாதம், மேலே கருமையும் கீழே வெண்மையுமாக இரு நிறம் காட்டும் வால். கனடாவின் வடபகுதியிலிருந்து மெக்சிகோ வரை பரவியிருக்கிறது. ஊசியிலைக் காடு, புல்வெளி, பாலைவனம், கடலோரத் தீவு எல்லாவற்றிலும் வாழ்கிறது. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் இதே எலியை 4,300 மீட்டருக்கு மேலுள்ள மலையுச்சிகளிலும் பிடித்திருக்கிறார்கள். இவ்வளவு விதமான இடங்களில் வாழும் ஒரு சிறிய பாலூட்டி அரிது. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க அது ஒரு காரணம். நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்துவைத்த மாதிரிகள் ஏராளமாக இருப்பது இன்னொரு காரணம்.

தொடக்கத்திலேயே இரண்டு சிக்கல்களைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது பெயர். அண்மைக் காலத்தில், ஒரே இனமாகக் கருதப்பட்ட இந்த எலியை மரபணு ஆதாரத்தின்படி பிரித்திருக்கிறார்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ளவை பழைய பெயரிலேயே இருக்க, மேற்கே உள்ளவற்றில் பெரும்பகுதி பெரோமிஸ்கஸ் சொனோரியென்சிஸ் என்ற பெயருக்குப் போயிருக்கிறது. ஆனால் பழைய சீட்டுகளும் பழைய கட்டுரைகளும் மாறவில்லை. தரவுத்தளத்தில் ஒரு பெயரை மட்டும் தேடினால் பாதி எலிகள் உங்கள் கண்ணில் படாமலே போகும். இரு பெயர்களிலும் தேடுங்கள்.

இரண்டாவது, வெள்ளைப்பாத எலி. பெரோமிஸ்கஸ் லூக்கோபஸ் என்ற இந்த நெருங்கிய உறவினத்தைக் கிழக்குப் பகுதிகளில் மான் எலியிலிருந்து கண்ணால் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். அங்கே உமிழ்நீரில் உள்ள நொதியையோ மரபணுவையோ சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள். முதல் முயற்சிக்கு இந்தக் குழப்பம் இல்லாத மேற்குப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இரண்டாம் படி: ஒரு பண்பு, ஒரே ஒரு பண்பு

நிறம், வால், காது, பாதம், மண்டையோடு, எடை என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கையில் எடுக்க ஆசை வரும். வேண்டாம். வாலில் தொடங்குங்கள். வாலின் நீளம் கிட்டத்தட்ட எல்லாச் சீட்டுகளிலும் எழுதப்பட்டிருக்கும். அதற்கு ஓர் அளவுகோல் போதும். இடத்துக்கு இடம் வேறுபாடும் பெரிது. காட்டில் வாழ்பவற்றுக்கு வால் நீளம், புல்வெளியில் வாழ்பவற்றுக்குக் குட்டை என்பது மான் எலியைப் பற்றி வெகு காலமாகத் தெரிந்த செய்தி.

எடையைத் தவிர்த்துவிடுங்கள். வயிறு நிறையத் தின்ற எலிக்கும், சினையாக இருக்கும் எலிக்கும், இரவெல்லாம் பொறியில் பட்டினி கிடந்த எலிக்கும் எடை வேறு வேறு. இடத்தின் செய்தியைவிட அந்த ஒரு நாளின் செய்திதான் எடையில் அதிகம்.

மூன்றாம் படி: பதிவுகளைத் திரட்டுதல்

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு எலியைக்கூடப் பிடிக்காமல் இந்தப் படிப்பைத் தொடங்கலாம். பெர்க்லியில் 1908இல் தொடங்கிய முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகம் போன்ற நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. ஜிபிஃப், வெர்ட்நெட் ஆகிய பொதுத் தரவுத்தளங்களில் பல அருங்காட்சியகங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் தேடி, விரிதாளாக இறக்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை.

பெர்க்லி அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னெல் களக்குறிப்பு எழுதுவதில் காட்டிய கண்டிப்பை இன்று நன்றியோடு நினைக்க வேண்டியிருக்கிறது. எந்த நாள், எந்த ஓடைக்கரை, எந்த உயரம், என்ன செடி என்று அவரும் அவருடன் இருந்தவர்களும் எழுதி வைத்ததால்தான், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து யோசெமிட்டி பகுதியில் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய், பல சிறு பாலூட்டிகள் மலையில் மேல்நோக்கி நகர்ந்திருப்பதைக் கண்டறிய முடிந்தது.

சீட்டில் எண்கள் இப்படி இருக்கும்: 172-80-20-17, அதன் பின் எடை. வரிசை எப்போதும் ஒன்றுதான். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை மொத்த நீளம், வால், பின்பாதம், காது, எல்லாம் மில்லிமீட்டரில். உடல் நீளம் தனியாக எழுதப்படுவதில்லை. 172இலிருந்து 80ஐக் கழித்தால் 92. அதுதான் தலையும் உடலும் சேர்ந்த நீளம். 80ஐ 92ஆல் வகுத்தால் 0.87. உங்களுக்கு வேண்டியது இந்த விகிதம். வாலின் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டால், உடல் பெரிதாக இருப்பதால் வால் நீண்டதா, வாலே நீண்டதா என்று பிரித்தறிய முடியாது.

இறக்கிய பதிவுகளில் நெடுவரிசைகள் ஏராளமாக இருக்கும். அடையாள எண், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, அந்த இடக்குறிப்பு எத்தனை மீட்டர் வரை பிசகலாம் என்ற அளவு, தேதி, பால், வயது, அளவுகள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தவர் பெயர் எதற்கு என்று இப்போது தோன்றலாம். அடுத்த படியில் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

நான்காம் படி: களையெடுத்தல்

இந்தப் படிப்பின் பாதி உழைப்பு இங்கேதான். சலிப்பு தரும் வேலை என்று பலரும் இதைத் தாண்டிப் போக நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. இரண்டு ஊர் எலிகளுக்கு நடுவே தெரியும் வேறுபாட்டில் இடத்தால் வந்தது எது, வேறு எதனாலோ வந்தது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும்போது அந்த விலங்கு உங்களுக்குப் பழக்கமாகிறது.

வயதிலிருந்து தொடங்குங்கள். மான் எலிக் குஞ்சின் மயிர் சாம்பல் நிறம். வளரும்போது அது உதிர்ந்து பழுப்பு மயிர் முளைக்கிறது. கோடை முடிவில் ஓரிடத்தில் பிடித்தால் பொறியில் பாதி இளங்குட்டிகளாக இருக்கும். வசந்த காலத் தொடக்கத்தில் பிடித்தால் கிட்டத்தட்ட எல்லாமே குளிரைக் கடந்து வந்த முதிர்ந்த எலிகள். முதல் ஊரில் ஆகஸ்டிலும் இரண்டாம் ஊரில் ஏப்ரலிலும் பிடித்தவற்றை ஒப்பிட்டால், முதல் ஊர் எலி சிறியது, சாம்பல் நிறத்தது என்ற முடிவு தானாக வந்துவிடும். அது ஊரின் வேறுபாடு அல்ல, மாதத்தின் வேறுபாடு. இளங்குட்டி என்று குறிக்கப்பட்டவற்றை நீக்குங்கள். வயது குறிக்கப்படாதவற்றில் உடல் நீளம் சந்தேகத்துக்கு இடமாகச் சிறியதாக இருப்பவற்றைத் தனியே ஒதுக்குங்கள். மண்டையோட்டைப் பார்க்க வாய்ப்பு இருந்தால் கடைவாய்ப் பற்களின் தேய்மானம் வயதை இன்னும் நம்பகமாகச் சொல்லும்.

அடுத்தது அளந்த கை. அமெரிக்க மரபில் பின்பாதத்தை நகத்தையும் சேர்த்து அளப்பார்கள். ஐரோப்பிய மரபில் நகத்தை விட்டுவிடுவார்கள். பழைய பதிவுகள் சிலவற்றில் அளவு அங்குலத்தில் இருக்கும். வாலை எங்கிருந்து அளப்பது என்பதிலும் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு உண்டு. தொடக்க காலத்தில் நான் போட்ட ஒரு படத்தில் மலைச்சரிவின் மேற்பகுதி எலிகளின் வால் சட்டென்று நான்கு மில்லிமீட்டர் குட்டையாயிற்று. பல நாள் அந்த மாற்றத்துக்குக் காரணம் தேடினேன். பிடித்தவர் பெயரின்படி புள்ளிகளுக்கு நிறம் கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மேற்பகுதி முழுவதும் ஒருவர் அளந்தது, கீழ்ப்பகுதி முழுவதும் இன்னொருவர் அளந்தது. அன்றிலிருந்து எந்த வரைபடத்தையும் முதலில் பிடித்தவர் பெயரால் நிறமிட்டுப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே இடத்தில் இருவர் அளந்த எலிகள் இருந்தால், அவர்களுடைய சராசரிகளை ஒப்பிட்டால் பிசகு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது காலம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் சானல் தீவுகளில் பிடித்த மான் எலிகளைப் பல பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிட்டபோது, நூறாண்டுக்கும் குறைவான காலத்திலேயே அவற்றின் உடலளவுகள் மாறியிருந்தன. ஒரு தீவில் 1900 வாக்கில் பிடித்தவற்றையும் அடுத்த தீவில் 1980களில் பிடித்தவற்றையும் ஒப்பிட்டால் இடத்தையா ஒப்பிடுகிறோம், காலத்தையா என்றே தெரியாது. கூடியவரை ஒரே இருபது ஆண்டுக்குள் பிடித்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பதப்படுத்திய தோல் இழுப்பறையில் இருக்க இருக்கச் செம்மையேறும். நூறாண்டுப் பழைய தோல் உயிரோடு இருந்தபோது அவ்வளவு சிவப்பாக இருந்திருக்காது. ஒளிப்படம் எடுத்து நிறத்தை அளப்பதானால், ஒவ்வொரு படத்திலும் ஒரே சாம்பல் நிற அட்டையை எலியின் பக்கத்தில் வைத்து, ஒரே விளக்கின் கீழ் எடுங்கள்.

பால் வேறுபாடு மான் எலியில் பெரிதில்லை. ஆனாலும் ஒரு முறை ஆண், பெண் எனத் தனித்தனியே சராசரி எடுத்துப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

களையெடுத்து முடித்ததும் பதிவுகள் பாதியாகக் குறைந்திருக்கும். கவலைப்படாதீர்கள். ஓரிடத்துக்கு இருபது முதிர்ந்த எலிகள் இருந்தால் நம்பிக்கையோடு பேசலாம். மூன்று, நான்கு மட்டுமே உள்ள இடங்களைப் படத்தில் வைத்துக்கொள்ளலாம். முடிவை அவற்றின் தலையில் ஏற்ற வேண்டாம்.

ஐந்தாம் படி: முதலில் வரைபடம், பிறகு கோடு

கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் இடங்களைப் புள்ளிகளாக்கி, வால் விகிதத்துக்கு ஏற்ப நிறம் கொடுங்கள். ஒழுங்கு ஏதாவது இருந்தால் அரைமணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம். நீண்ட வால் பகுதியிலிருந்து குட்டை வால் பகுதிக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டை ஒட்டியுள்ள இடங்களை மட்டும் எடுத்து, கோட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கிடையாகவும் வால் விகிதத்தைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு படம் வரையுங்கள்.

இந்தப் படம் இரண்டு விதமாக அமையலாம். புள்ளிகள் மெல்ல மெல்ல இறங்கினால் அது படிப்படியான மாற்றம். 1938இல் ஜூலியன் ஹக்ஸ்லி இதற்கு ‘கிளைன்’ என்ற பெயரைக் கொடுத்தார். வெகுதூரம் சமமாகப் போய், ஓரிடத்தில் மட்டும் சட்டென்று விழுந்து, மறுபடி சமமாகப் போனால் அது படிக்கட்டு. இரு முனைகளை மட்டும் பார்த்தவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் சொல்லும் கதைகள் வேறு. மெல்லிய சரிவு, பக்கத்துக் கூட்டங்கள் தமக்குள் கலந்துகொண்டே இருக்கின்றன, சூழலும் மெல்ல மாறுகிறது என்று சொல்லக்கூடும். படிக்கட்டு, அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று விரலை நீட்டுகிறது: மண் மாறுகிறது, காடு முடிகிறது, ஆறு குறுக்கே ஓடுகிறது, அல்லது முன்பு பிரிந்திருந்த இரண்டு கூட்டங்கள் அங்கே மறுபடி சந்திக்கின்றன.

இதை முதலில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உயிரியலாளர் பிரான்சிஸ் சம்னர். 1920களில் அவர் ஃபுளோரிடாவின் வடமேற்குக் கடற்கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி, மான் எலியின் உறவினமான பெரோமிஸ்கஸ் போலியோனோட்டஸ் எலிகளை இடம் இடமாகப் பிடித்துக்கொண்டே போனார். சாண்டா ரோசா தீவின் வெண்மணலில் எலி வெளுத்திருந்தது. உள்நாட்டின் கருத்த மண்ணில் எலி கருத்திருந்தது. இவ்வளவும் முன்பே தெரிந்ததுதான். நடுவே அவர் கண்டது எதிர்பாராதது. வெண்மணல் கடற்கரையை ஒட்டியே முடிந்துவிடுகிறது. எலியின் நிறமோ கடலிலிருந்து ஏறக்குறைய 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர் உள்ளே போன பிறகுதான் செங்குத்தாக மாறுகிறது. மண் மாறும் இடமும் எலி மாறும் இடமும் ஒன்றாக இல்லை. கடற்கரையின் வெளுத்த எலிகள் உள்நாட்டோடு கலந்துகொண்டிருப்பதால் இந்த இடைவெளி வந்ததா, வேறு ஏதாவதா என்ற விவாதம் அங்கிருந்து பிறந்து, பல பத்தாண்டு கழித்தும் புதிய மரபணுக் கருவிகளோடு அதே கோட்டுக்கு ஆய்வாளர்களைத் திரும்ப வரவைத்தது. தீவையும் உள்நாட்டையும் மட்டும் பார்த்துவிட்டு அவர் திரும்பியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

உங்கள் கோட்டில் மண், மழை, உயரம், மரமூடல் ஆகியவற்றையும் இதே கிடைமட்ட அளவில் தனித்தனிப் படங்களாக வரைந்து, வால் படத்தின் கீழே அடுக்குங்கள். எது எங்கே மாறுகிறது என்று செங்குத்தாக ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாலே போதும். சிக்கலான புள்ளியியலுக்குப் போகும் முன் நான் எப்போதும் இதைத்தான் செய்கிறேன்.

ஆறாம் படி: துணையினப் பெயர்களைக் கையாளுதல்

வில்ஃப்ரெட் ஆஸ்குட் 1909இல் பெரோமிஸ்கஸ் எலிகளை முழுவதுமாக ஆராய்ந்து வெளியிட்டார். 27,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பார்த்திருந்தார். அவ்வளவு பார்த்தும், துணையினங்களின், அதாவது ஓர் இனத்துக்குள்ளேயே இட வேறுபாட்டை வைத்துத் தனிப் பெயர் சூட்டிய பிரிவுகளின், எல்லையில் பிடித்த எலிகள் இரண்டுக்கும் இடைப்பட்டவையாகவே இருந்தன. மான் எலிக்கு மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட துணையினப் பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. சானல் தீவுகள் எட்டு. எட்டுக்கும் தனித்தனிப் பெயர்.

இந்தப் பெயர்களை முகவரியாக எடுத்துக்கொள்ளுங்கள், எல்லைச் சுவராக அல்ல. துணையினப் பெயரின்படி எலிகளைக் குழுவாக்கிச் சராசரி எடுத்தால், யாரோ நூறாண்டுக்கு முன் போட்ட கோட்டையே திரும்பக் கண்டுபிடிப்பீர்கள். இடத்தின்படி குழுவாக்குங்கள், படம் வந்த பிறகு பழைய பெயர்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அதே சமயம் பெயர்களை வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. சானல் தீவுகளில் ஒன்றான அனகாபா தீவில் வந்தேறிப் பெருகிய கருப்பு எலிகளை (ராட்டஸ் ராட்டஸ்) 2001, 2002ஆம் ஆண்டுகளில் நஞ்சு தூவி ஒழித்தபோது, அந்தத் தீவுக்கே உரிய மான் எலிகள் அழிந்துவிடாமல் முன்கூட்டியே பிடித்துக் காப்பில் வைத்து, பிறகு திரும்ப விட்டார்கள். வேறெங்கும் இல்லாத எலி அது என்பது பெயரால் பதிவாகியிருந்தது அந்த அக்கறைக்கு உதவியது.

ஏழாம் படி: பிறவியா, வளர்ப்பா?

குளிரான இடத்தில் வளர்ந்ததால் வால் குட்டையானதா, குட்டை வால் பெற்றோருக்குப் பிறந்ததால் குட்டையானதா? இதை அருங்காட்சியகத் தோல் சொல்லாது. சம்னரே தம் ஆய்வைத் தொடங்கியபோது சூழல்தான் நேரடியாக விலங்கை மாற்றுகிறது என்ற எண்ணத்தோடு இருந்தார். வட கலிபோர்னியாவின் ஈரமான யுரேகாவிலிருந்து கருத்த, நீண்ட வால் எலிகளையும், விக்டர்வில் பாலைவனத்திலிருந்து வெளுத்த எலிகளையும் கடலோர லா ஹோயாவுக்குக் கொண்டுவந்து, ஒரே சூழலில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். வேறுபாடு மறையவில்லை. யுரேகாவின் பேரக்குட்டிகள் யுரேகா எலிகளாகவே இருந்தன. அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆதாரத்தின் முன் இப்படித் தலைவணங்கியதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

எலி வளர்க்கும் வசதி தொடக்கநிலையில் உங்களுக்கு இருக்காது. அதனால் எழுதும்போது மட்டும் கவனமாக இருங்கள். ‘இந்த ஊர் எலிகளின் வால் குட்டை’ என்று எழுதலாம். ‘இந்த ஊர் எலிகளின் வால் குட்டையாகப் பரிணமித்தது’ என்று எழுத வேண்டுமானால், யாராவது அவற்றைப் பொதுச் சூழலில் வளர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: காரணத்தை நிதானமாகத் தேடுதல்

மூன்று பழைய விதிகள் உங்கள் காதில் விழும். ஈரமான இடத்தில் விலங்கு கருக்கும் என்பது குளோகர் 1833இல் சொன்னது. குளிரான இடத்தில் உடல் பெருக்கும் என்பது பெர்க்மன் 1847இல் சொன்னது. குளிரான இடத்தில் வால், காது போன்ற நீட்சிகள் குட்டையாகும் என்பது ஆலன் 1877இல் சொன்னது. மூன்றையும் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள், விடைகளாக அல்ல.

மான் எலியின் வாலையே பாருங்கள். ஆலன் விதிப்படி குளிர்தான் வாலைக் குறுக்க வேண்டும். ஆனால் வட மிச்சிகனில் நீண்ட வால் காட்டு எலியும் குட்டை வால் புல்வெளி எலியும் ஒரே தட்பவெப்பத்தில், கூப்பிடு தொலைவில் வாழ்கின்றன; கலப்பதும் இல்லை. குளிர் இரண்டுக்கும் பொது. வேறுபடுவது மரம். கிளையில் நடக்கும் எலிக்கு நீண்ட வால் சமநிலை தருகிறது; ஏறும் சோதனைகளில் காட்டு எலிகளே தேறுகின்றன. காட்டு எலிகளின் வாலில் எலும்புக் கண்ணிகளும் அதிகம், ஒவ்வொரு கண்ணியும் நீளம். கிழக்கிலும் மேற்கிலும் இது தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது என்பது இந்த விளக்கத்துக்குப் பெரிய பலம்.

நிறத்துக்கு வந்தால் நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளைப் பார்க்க வேண்டும். சில ஆயிரம் ஆண்டுகளே ஆன அந்த வெளிறிய மணலில் மான் எலிகள் சுற்றியுள்ள கருமண் எலிகளைவிட வெளுத்திருக்கின்றன. மண்ணும் மயிரும் ஒத்துப்போவதைக் காட்டுவதோடு நில்லாமல், ஆய்வாளர்கள் இரு மண்ணிலும் பெரிய வேலியடைப்புகள் கட்டி, இரு நிற எலிகளையும் கலந்துவிட்டார்கள். 2019இல் வெளியான முடிவு: வெளிறிய மணலில் வெளுத்தவையும் கருமண்ணில் கருத்தவையும் அதிகம் பிழைத்தன. ஒத்துப்போவது ஒன்று, உயிர் பிழைப்பது வேறொன்று. இரண்டையும் இணைத்துக் காட்டியதுதான் அந்த வேலையின் அருமை.

உயரத்தின் கதையைத் தோலில் காணவே முடியாது. மலையுச்சி மான் எலிகளின் ஹீமோகுளோபின், சமவெளி எலிகளுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது. வெளியே ஒன்றும் தெரியாத இடத்திலும் வேறுபாடு இருக்கலாம்.

ஒன்பதாம் படி: மரபணுவை எட்டிப் பார்த்தல்

தொடக்கத்தில் மற்றவர்கள் கண்டதை வாசித்தால் போதும். சம்னர் படித்த பெரோமிஸ்கஸ் போலியோனோட்டஸ் இனத்தில், மெக்சிகோ வளைகுடாக் கடற்கரையின் வெளுத்த எலிகளில் எம்சி1ஆர் என்ற மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாற்றம் நிறத்தின் ஒரு பகுதியை விளக்குகிறது என்று 2006இல் காட்டினார்கள். அதே போல வெளுத்த அட்லாண்டிக் கடற்கரை எலிகளில் அந்த மாற்றம் இல்லை. அவை வேறு வழியில் வெளுத்திருக்கின்றன. ஒரே தோற்றம் என்றால் ஒரே மூலம் என்று முடிவு கட்டுவதற்கு எதிராக இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆரிகன் மாநில மான் எலிகளில் 2022இல் தெரியவந்ததும் கவனிக்கத்தக்கது. 15ஆம் குரோமோசோமில் ஏறக்குறைய நான்கு கோடி எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. வால் நீளத்தோடும் மயிர் நிறத்தோடும் ஒருசேரத் தொடர்புள்ள துண்டு அது. காட்டு எலிக்கு நீண்ட வாலும் கருநிறமும் சேர்ந்தே வருவதற்கு இது ஒரு காரணம். உங்கள் படத்தில் இரண்டு பண்புகள் ஒரே இடத்தில் படியிறங்கினால், அவற்றை இரண்டு தனிச் சான்றுகளாக எண்ணிவிடாதீர்கள்.

கடைசிப் படி: களத்துக்குப் போகும் முன்

இங்கே ஒரு கண்டிப்பான சொல். மான் எலி சின் நோம்ப்ரே என்ற ஹாண்டா வைரஸைச் சுமக்கிறது. 1993இல் அமெரிக்காவின் நான்கு மாநிலச் சந்திப்புப் பகுதியில் இளம் வயதினர் மூச்சுத்திணறி இறந்தபோதுதான் இது அடையாளம் காணப்பட்டது. எலியின் சிறுநீர், எச்சம், உமிழ்நீர் கலந்த தூசியை மூச்சில் இழுப்பதால் தொற்றுகிறது. எலி நடமாடிய கொட்டகையை ஒருபோதும் உலர்வாகப் பெருக்காதீர்கள். கிருமிநாசினி தெளித்து நனைத்துத் துடையுங்கள். கையுறையும் தகுந்த முகக்கவசமும் இல்லாமல் பொறியைத் திறக்காதீர்கள். பயிற்சி பெற்றவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதல் எலியைத் தொடவே வேண்டாம்.

மாநில வனவிலங்குத் துறையின் எழுத்து அனுமதியும், நிலத்துக்கு உரியவரின் அனுமதியும், பல்கலைக்கழகம் என்றால் விலங்கு நலக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பொறி என்றால் எலியை உயிரோடு பிடிக்கும் ஷெர்மன் பெட்டிப்பொறி. மடக்கக்கூடிய அலுமினியப் பெட்டி. உள்ளே மிதிபலகையை எலி மிதித்தால் கதவு மூடிக்கொள்ளும். ஓட்ஸ் இரையாகப் போதும். குளிரில் எலி விறைத்துச் சாகாமல் இருக்க ஒரு கைப்பிடிப் பஞ்சை மறக்காமல் வையுங்கள். மாலையில் வைத்த பொறியை விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் அலுமினியப் பெட்டி அடுப்பாகிவிடும்.

அளந்து, காதில் ஒரு சிறு துண்டுத் திசு எடுத்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள். திசுவையும் குறிப்புகளையும் ஓர் அருங்காட்சியகத்தில் சேர்க்க முன்கூட்டியே பேசி வையுங்கள். இடத்தை ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் ஆயத்தொலைவு, உயரம், மண்ணின் நிறம், மரம் உண்டா இல்லையா என்பதோடு எழுதுங்கள். பாதத்தை நகத்தோடு அளந்தீர்களா, நகமின்றியா என்பதையும், அளந்தவர் நீங்கள்தான் என்பதையும் எழுதுங்கள்.

முதல் பொறி வரிசையை எங்கே வைப்பது என்று கேட்டால், ஐந்தாம் படியில் நீங்கள் வரைந்த கோட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள். நீண்ட வாலுக்கும் குட்டை வாலுக்கும் நடுவே, நூறாண்டாக யாரும் எலி பிடிக்காததால் புள்ளியே இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கும். பொறிகளை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.